பூஜ்யம் வேறு, தெரியாது வேறு

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள கடையில் இட்லி மாவு வாங்கிக்கொண்டிருந்தபோது கவிதாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற நர்ஸுகளிலேயே இளையவள் அவள். "அண்ணே, ரூத் அக்கா போயிட்டாங்கண்ணே" என்றாள். நான் கேட்டது இதுதான்: "எங்க, சி.டி. ஸ்கேனுக்கா? கூட யார் போயிருக்கா?"

எங்கள் பிரிவில் 'போயிட்டாங்க' என்றால் அந்த ஆள் கட்டிலில் இல்லை, ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இறந்தவரை நாங்கள் அப்படிச் சொல்வதே இல்லை. 'எக்ஸ்பயர்ட்' என்போம், நேரத்தைச் சொல்வோம், அடுத்த வேலையைப் பார்ப்போம். ரூத்தைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லக் கவிதாவுக்கு வாய் வரவில்லை. எனக்கோ மண்டையில் ஏறவில்லை. "ஆக்சிஜன் சிலிண்டர் ஃபுல்லா கீதான்னு பாத்தீங்களா?" என்று இரண்டாவதாக ஒரு கேள்வியும் கேட்டேன். அவள் அழுதாள். மாவுக் கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

இதைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப் பேர் ரூத்தோடு வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். புதுவாயல் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் அவரும் நானும் ஒரே நாளில் நர்ஸாகச் சேர்ந்தோம். பதினான்கு வருடம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அவர் எனக்கு அக்காவும் இல்லை, சிஸ்டரும் இல்லை, வெறும் ரூத். நான் அவருக்குச் செந்திலு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், கணவர் எபினேசர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர். ரூத்தின் குரலுக்கு அந்த உலைச் சத்தத்தையே அடக்குகிற வலு உண்டு. தினமும் ஒரு மஞ்சள் கட்டைப்பையில் சாப்பாடு கொண்டுவருவார். பையின் கைப்பிடி ஒன்று அறுந்துபோக, சலைன் ஊசியை ஒட்டும் பிளாஸ்திரியை அதில் சுற்றிவைத்திருந்தார். பையை மாற்றச் சொல்லி நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. அதிலிருந்து நான் கருவாட்டுத் துண்டு திருடாத நாளும் இல்லை.

அவரைச் சாமியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. முன்கோபக்காரர். ஷிஃப்ட் மாற்றி விடும்போது பேசிப் பேசியே அடுத்தவர் பஸ்ஸைக் கோட்டைவிட வைப்பார். நோயாளியின் சொந்தக்காரர்களை வாசலில் நிறுத்தி அவர் போட்ட சத்தத்துக்கு மேலிடத்தில் புகார் போனதும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விடாக்கண்டர். பேச முடியாதவரின் வலி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பேச முடிகிற நோயாளியிடம், 'வலி பத்துக்கு எவ்வளவு?' என்று கேட்டு எழுதிவிடலாம். வாயில் மூச்சுக் குழாய் இறங்கி, நினைவு பாதி மங்கிக் கிடப்பவரிடம் என்ன கேட்பது? அவருடைய முகத்தைப் பார்க்கிறோம். கைகால் அசைவைப் பார்க்கிறோம். தசை இறுகியிருக்கிறதா, மூச்சு மெஷினோடு மல்லுக்கு நிற்கிறாரா என்று பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யமோ ஒன்றோ இரண்டோ போட்டுக் கூட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ட்டில் எழுதுகிறோம். பூஜ்யம் என்றால் வலி இல்லை. எழுதுவதற்கு ரொம்ப வசதியான எண்.

சேர்ந்த புதிதில் ஒடிசாக்காரர் ஒருவர் வந்தார். சிப்காட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நாலைந்து பேரோடு தங்கி வேலை பார்த்தவர். காலில் பாரம் விழுந்து நசுங்கியிருந்தது. மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டே இருந்தார், மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. 'அடம் பிடிக்கிறார்' என்று நான் குறிப்பு எழுதினேன், கடிக்காமலிருக்கப் பற்களுக்கு நடுவே கட்டை வைத்தோம். ரூத் மேஸ்திரியின் நம்பரைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாக அறைத்தோழனைப் போனில் கூப்பிட்டார். "இவருக்கு வலிச்சா ரூம்ல இன்னா பண்ணுவாருன்னு கேளுங்க மேஸ்திரி" என்றார். அந்தப் பக்கம் இந்தியும் தமிழும் கலந்து ஏதோ பேச்சு நடந்தது. மேஸ்திரி சொன்னார்: "வலிச்சா துண்ட சுருட்டி வாயில வெச்சி கடிச்சிக்குவானாம் மா. போன மாசம் பல்வலிக்கு ரெண்டு நாள் அப்டியேதான் கெடந்தானாம்." ரூத் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடமாம் இல்ல, அடம். அந்தாளு காட்டுக்கத்தலா கத்திக்கினு கீறாரு, நாம வாயில கட்டய சொருகிட்டோம்" என்றார். டாக்டரிடம் சொல்லி வலி மருந்தைக் கூட்டினோம். கடிப்பது நின்றது. 'அடம்' என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் விடவில்லை. "தப்ப மறைக்காத செந்திலு. ஒத்தக் கோடு போட்டு அடி, அடியில இருக்கறது படிக்கத் தெரியணும், பக்கத்துல கையெழுத்து போடு."

அன்றிலிருந்து அது அவருடைய வழக்கமாகிவிட்டது. யார் வந்து சேர்ந்தாலும், சொந்தக்காரர் உள்ளே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இவங்களுக்கு வலிச்சா ஊட்ல இன்னா பண்ணுவாங்க?" பதிலைச் சார்ட்டின் தலைப்பில் எழுதிவைப்பார். நெல் விவசாயி ஒருவரின் மனைவி, "வாயே தொறக்க மாட்டாரும்மா, கால் கட்டை வெரல மட்டும் நிமித்துவாரு" என்றார். இன்னொரு அம்மா, "ஒண்ணும் பண்ண மாட்டாரு, மோட்டு வளையப் பாத்துக்கினு கெடப்பாரு" என்றார். அதையும் ரூத் எழுதினார். இதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லித்தரப்படாதது என்று நான் கிண்டல் செய்தேன். "நாம ரெண்டு நாளா பாக்கறோம். அவங்க முப்பது வருசமா பாக்கறாங்க. யாருக்குத் தெரியும்?" என்றார்.

நுரையீரல் கெட்டுப்போன ஒரு ஓட்டுநருக்கு உடம்பு முழுக்கத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்திருந்தோம். மெஷின் மூச்சு உள்ளே போக அது தேவை. கண் இமைகூட அசையாது. நான் நாலு மணி நேரத்துக்கு ஒரு பூஜ்யமாக வரிசையாகப் போட்டுவந்தேன். கையெழுத்து வேறு அழகாக இருந்தது. ரூத் சார்ட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"மொகம் அசயாத மருந்த நாமதான் குடுத்தோம். அப்புறம் மொகம் அசயல, வலி இல்லன்னு நாமளே எழுதறோம். இது இன்னா நாயம்?"

"அப்ப எவ்ளோதான் போடறது? சார்ட்ல காலியா விட்டா மெமோ குடுப்பாங்க."

"தெரியாதுன்னு போடு. பூஜ்யம் வேற, தெரியாது வேற."

போட்டார். கட்டத்துக்குள் சின்னதாக 'தெ' என்று எழுதினார். தெரியாது என்பதற்கு 'தெ'. மருந்தை நிறுத்தும்வரை எல்லாக் கட்டத்திலும் அதுவே. வலி உண்டா இல்லையா என்று தெரியாதபோது இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊசி குத்தினால் நமக்கு வலிக்கும் என்றால் நோயாளிக்கும் வலிக்கும், ஆகவே முதலில் மருந்து, அப்புறம்தான் புரட்டிப் போடுவது, சளி உறிஞ்சுவது. தரம் பார்க்க வருகிற அம்மையார் 'தெ'யைப் பார்த்துவிட்டு, கணினியில் எண்தான் ஏறும், எழுத்து ஏறாது என்று குதித்தார். "எண்ணு பொய்யா இருந்தா ஏறுமா மேடம்?" என்று ரூத் கேட்டார். மெமோ வந்தது. அதை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "நாஷ்டாவுக்கு வரியா?" என்றார். போகப்போக நாங்கள் எல்லோருமே 'தெ' போட ஆரம்பித்தோம். மெமோ கொடுப்பவர்களுக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன கோடையில் ஒருநாள் ரூத்துக்குச் சிறுநீரகக் கல் வலி. எங்களிடம் சொல்லவில்லை, முழு ஷிஃப்டும் பார்த்தார். சாயங்காலம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது இடது கையை முஷ்டியாக மூடி வைத்திருந்தார், கட்டைவிரலை உள்ளே மடித்து. "இன்னா ரூத்து, யாரையாச்சும் குத்தப் போறியா?" என்று கேட்டேன். "உன்னத்தான்" என்றார். மறுநாள் அவரே வந்து ஸ்கேன் எடுத்தபோதுதான் கல் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. முஷ்டியை நான் மறந்துவிட்டேன்.

அவர் இறந்த வாரம், திங்கட்கிழமை காலை அவர் வர நேரமாகிவிட்டது. அவசரப் பிரிவிலிருந்து, தலையில் அடிபட்ட பெண் ஒருவர் வருகிறார், மெஷினோடு ஒரு கட்டில் தயார் செய்யுங்கள் என்று போன். நான் தனியாகக் கட்டிலைத் தயார் செய்துகொண்டே, "இவ எங்கடா தொலஞ்சா, ஒத்த ஆளா பேஜாரா கீது" என்று ரூத்தை வாய்விட்டுத் திட்டினேன். தள்ளுவண்டி உள்ளே வந்தது. முகம் வீங்கி அடையாளமே இல்லை. கால்மாட்டில் ஒரு மஞ்சள் கட்டைப்பை இருந்தது. அறுந்த கைப்பிடியில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. புதுவாயல் கூட்ரோட்டில் திரும்பிய கன்டெய்னர் லாரி அவருடைய ஸ்கூட்டரை இடித்திருக்கிறது. அவர் வராததற்காக நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவருக்காகத்தான் அந்தக் கட்டிலில் விரிப்பைப் போட்டிருக்கிறேன். என் கை அதற்குப் பிறகு செய்த வேலை எதுவும் எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

தலைக்குள் ரத்தக் கசிவு. இடது பக்க விலா எலும்புகள் உடைந்திருந்தன. அன்றே ஆபரேஷன் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, விழிக்கிறாரா என்று பார்ப்பதற்காக டாக்டர் மயக்க மருந்தை நிறுத்தி, வலி மருந்தையும் குறைத்தார். அப்படித்தான் செய்வார்கள், அதில் தவறில்லை. தவறு என்னுடையது.

பத்து மணிக்கு அவருடைய இடது உள்ளங்கையில் என் விரலை வைத்து, "ரூத்து, செந்தில் வந்துருக்கேன். கைய அழுத்து" என்றேன். புருவம் சுருங்கியது. கை மூடி என் விரலை இறுகப் பிடித்தது. நான் கத்திவிட்டேன். கவிதா ஓடிவந்தாள். அவள் விரலையும் பிடித்தார். எங்கள் பிரிவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். துப்புரவு செய்கிற அம்மா வந்தார், லேப் பையன் வந்தான், மெமோ கொடுத்த அம்மையாரும் வந்தார். ஒவ்வொருவரும் விரலை வைத்து, "கைய அழுத்துங்க, கைய அழுத்துங்க" என்றார்கள். அழுத்தினார். டாக்டரிடம், "சொன்னதச் செய்றாங்க சார்" என்று நான் சொன்னேன். காலையிலிருந்து வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எபினேசரிடம் ஓடிப்போய், "கையப் புடிக்கிறாங்க, பொழச்சிக்குவாங்க" என்றேன். சார்ட்டில் பத்து மணிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். புருவம் சுருங்கியதை, குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்று எழுதினேன். இரண்டு மணிக் கட்டத்திலும் பூஜ்யம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எண் எதுவும் எழுதியதில்லை.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். எபினேசர் வேகமாக உள்ளே வந்தார், சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தது. நான் சொன்ன அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இது புடிக்கிறது இல்லண்ணே. கட்ட வெரல உள்ள மடிச்சிக்கினு கீறா பாருங்க. வலிக்குது அவளுக்கு. பொண்ணு பொறக்கச் சொல்லோ இப்டித்தான் வெச்சிக்கினு இருந்தா."

நான் குனிந்து பார்த்தேன். யாருடைய விரலும் அந்தக் கையில் இல்லை. ஆனாலும் முஷ்டி மூடியிருந்தது, கட்டைவிரல் உள்ளே இருந்தது. "கைய விடு ரூத்து" என்றேன். விடவில்லை. காலையிலிருந்து 'அழுத்து' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம், 'விடு' என்று யாருமே சொல்லிப் பார்க்கவில்லை. அவர் எங்கள் யாரையும் பிடிக்கவில்லை. உடைந்த விலா எலும்புகளின் வலியில் மூடியிருந்த கைக்குள் ஆளுக்கொரு விரலை நுழைத்துவிட்டு, எங்களைத் தெரிகிறது என்று கொண்டாடியிருக்கிறோம்.

எபினேசர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நீங்க யாரும் என்னாண்ட கேக்கவே இல்லியே அண்ணே? அவ எல்லாராண்டயும் கேப்பாளே" என்றார்.

டாக்டர் வந்து வலி மருந்தைக் கூட்டினார். நான் கட்டிலை விட்டு நகரவில்லை. சில நிமிடங்களில் புருவம் இறங்கியது. பிறகு முஷ்டி தளர்ந்து, கட்டைவிரல் வெளியே வந்தது. எபினேசர் அந்த விரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மூளை வீக்கம் கூடியது. அன்று முழுக்க அவரைப் புரட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கையைப் பார்த்தேன். கை திறந்தே இருந்தது. வியாழக்கிழமை காலை, நான் மாவு வாங்கிக்கொண்டிருந்தபோது, ரூத் இறந்தார். கட்டில் காலியாக இருப்பதை என் கண்ணால் பார்த்தபிறகும் 'ரூத் இன்னா சொல்றா கேளு' என்று கவிதாவிடம் சொல்ல வாயெடுக்கிறேன். இது சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அது சரியாக வேண்டாம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று என் மனைவியிடம் கேட்டேன்: "எனக்கு வலிச்சா நான் இன்னா பண்ணுவேன்?" அவள் யோசிக்கவே இல்லை. "டிவி சவுண்ட கொறைக்கச் சொல்லுவ" என்றாள். பேச முடியாவிட்டால் என்று கேட்டேன். அதற்கும் யோசிக்கவில்லை. "காது மடல இழுத்துக்கினே இருப்ப. கல்யாணம் ஆனதுலருந்து பாக்கறேன்." எனக்கே இது தெரியாது. ஒரு துண்டுத் தாளில் எழுதி என் அடையாள அட்டையின் பின்னால் சொருகியிருக்கிறேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போனேன். ரூத்தின் கோப்பு பதிவேட்டு அறைக்குப் போகக் கட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்து செவ்வாய்க்கிழமைச் சார்ட்டை எடுத்தேன். தலைப்பில், சொந்தக்காரரின் பதிலை எழுதுகிற இடம் காலியாக இருந்தது. கீழே என் கையெழுத்தில் இரண்டு பூஜ்யங்கள். நேரம் கடந்து செய்யும் திருத்தம் என்று அன்றைய தேதியும் மணியும் போட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பூஜ்யங்களின் மேலும் ஒற்றைக் கோடு போட்டேன், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் 'தெ' என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

கை ஓடவில்லை. 'தெ' என்பது தெரிந்துகொள்ள வழியே இல்லாதபோது ரூத் எழுதியது. இது அப்படி இல்லை. வாசலுக்கு வெளியே எபினேசர் அன்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அந்த எழுத்தை எழுத எனக்கு உரிமை இல்லை. பூஜ்யம் வேறு, தெரியாது வேறு என்று ரூத் பிரித்துக் காட்டினார். மூன்றாவதாக ஒன்று இருப்பதை அவருடைய கட்டிலருகே நின்று நான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில், 'கேட்கவில்லை' என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.